அத்தியாயம் 7: ஒத்திசைந்த பாக்கெட் இழப்பை அளத்தல்

ஒரு ரவுட்டரின் ஒரே வெளிவாசலை நோக்கிப் பத்து டிசிபி ஓட்டங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வாசலில் உள்ள பஃபர் நிரம்புகிறது. அதற்குப் பிறகு வரும் பாக்கெட்டுகளுக்கு இடமில்லை, அவை கைவிடப்படுகின்றன. அந்த நேரத்தில் பத்து ஓட்டங்களும் ஆளுக்கொரு பாக்கெட்டை இழந்தால், பத்தும் ஏறக்குறைய ஒன்றாகவே தங்கள் விண்டோவைக் குறைத்துக்கொள்ளும். சற்று முன்வரை திணறிக்கொண்டிருந்த இணைப்பு பாதி காலியாகக் கிடக்கும். பிறகு பத்தும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே முட்டும், மறுபடி சேர்ந்தே இறங்கும். பத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் இழந்திருந்தால், அவை விட்ட இடத்தை மற்றவை நிரப்பிக்கொண்டிருக்கும். இணைப்பு தொய்வில்லாமல் ஓடியிருக்கும்.

இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே உங்கள் வலையமைப்பு எங்கே நிற்கிறது என்பதை எண்ணாகச் சொல்வதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. எண்ணைப் பெறுவது கடினமில்லை. கிடைத்த எண் உண்மையான ஒத்திசைவைக் காட்டுகிறதா, தற்செயலாகவே வந்திருக்கக்கூடியதா என்று பிரித்தறிவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அதனால் அந்தப் பகுதியில் சற்று நின்று நிதானமாகப் போவோம்.

ஏன் சேர்ந்து விழுகின்றன

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, சுமார் 400 கெஜ தூரத்தில், விநாடிக்கு 32 கிலோபிட் போய்க்கொண்டிருந்த தரவு 40 பிட்டாகச் சரிந்தது. அந்தச் சரிவை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய நெரிசல் கட்டுப்பாடு கிளைத்தது: இழப்பு கண்டால் விண்டோவைப் பாதியாக்கு, இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் கூட்டு. இணையம் முழுவதையும் நிலைகுலையாமல் காத்த ஏற்பாடு இது. ஆனால் எல்லா ஓட்டங்களும் ஒரே விதியைப் பின்பற்றுவதால், ஒரே வரிசையில் சேரும்போது அவை ஒன்றாக அசையத் தொடங்கின.

காரணம் நுட்பமானது, அளப்பவர் அதைக் கண்முன் வைத்திருக்க வேண்டும். பஃபர் நிரம்பிய நிலையில் ஒரு பாக்கெட் வெளியேறினால்தான் ஒரு பாக்கெட் நுழைய முடியும். அனுப்புநர் ஒவ்வொரு ஒப்புதலுக்கும் ஒரு பாக்கெட் அனுப்பும்வரை கணக்குச் சரியாக இருக்கும். விண்டோவை ஒன்று கூட்டும் அந்த ஒரு தருணத்தில் மட்டும் அவர் அடுத்தடுத்து இரண்டு பாக்கெட் அனுப்புகிறார். முதலாவதற்கு இடம் இருக்கும், இரண்டாவதற்கு இருக்காது. ஒரு சுற்றுக்குள் ஒவ்வோர் ஓட்டமும் ஒரு தடவை இப்படிச் செய்வதால், ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட்டை இழக்கிறது. லிக்ஸியா ஜாங், ஸ்காட் ஷெங்கர், டேவிட் கிளார்க் ஆகிய மூவரும் 1990–91இல் உருவகப்படுத்தல்கள் வழியே இதைத் தெளிவாகக் காட்டினார்கள். 1993இல் சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் ரெட் என்ற முறையை முன்வைத்தபோது, பஃபர் நிரம்பும் முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாக்கெட்டுகளைத் தற்போக்காகக் கைவிட்டு இந்தச் சேர்ந்தசைவை உடைப்பதும் அவர்கள் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2004இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அப்பென்ஸெல்லர், கெஸ்லாஸி, மெக்கியோன் மூவரும் ரவுட்டர் பஃபரைப் பெருமளவு குறைக்கலாம் என்று வாதிட்டார்கள். இணைப்பின் வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்கி வரும் அளவை, ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும் என்பது அவர்கள் முடிவு. விநாடிக்கு 10 ஜிகாபிட் இணைப்பு, போய்வர 250 மில்லிவிநாடி என்றால் பழைய விதிப்படி 2.5 ஜிகாபிட் பஃபர் வேண்டும். 50,000 ஓட்டங்கள் இருந்தால் புதிய விதிப்படி சுமார் 11 மெகாபிட் போதும். பிரமாண்டமான மிச்சம். ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் ஓட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்திசையாமல் இருக்கின்றன என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. சிறிய பஃபர் கொண்ட சுவிட்சை வாங்கலாமா என்று யோசிப்பவர் அந்த எடுகோளைத் தன் வலையமைப்பில் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்திடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சோதனைக்களத்தை அமைத்தல்

விநாடிக்கு 100 மெகாபிட் குறுகல் இணைப்பு ஒன்று, போய்வரும் நேரம், அதாவது ஆர்டிடி, 40 மில்லிவிநாடி, மேலே சொன்ன பாதியாக்கும் விதியைப் பின்பற்றும் ரீனோ வகை டிசிபி ஓட்டங்கள் நான்கு. இந்த எளிய அமைப்பையே அத்தியாயம் முழுதும் வைத்துக்கொள்வோம். பாதையை நிரப்ப 5 லட்சம் பைட் தேவை. 1500 பைட் பாக்கெட்டாக எண்ணினால் 333.

பஃபர் 33 பாக்கெட் மட்டும் என்றால், நான்கு விண்டோக்களின் கூட்டுத்தொகை 366ஐத் தொட்டதும் வழிகிறது. நான்கும் பாதியானால் 183; பாதையின் 55 சதவீதம்தான் நிரம்பியிருக்கும். ஒன்று மட்டும் பாதியானால் சுமார் 320. அதாவது 96 சதவீதம். பஃபர் 333 என்றால் கதை மாறுகிறது. கூட்டுத்தொகை 666இலிருந்து 333ஆக இறங்கினாலும் பாதை நிரம்பியே இருக்கும், வேகத்தில் இழப்பில்லை. ஆனால் வரிசையில் காத்திருக்கும் நேரம் 40 மில்லிவிநாடிக்கும் சுழிக்கும் இடையே ஊஞ்சலாடும்; அதே இணைப்பில் குரல் அழைப்பு பேசுபவர் அதை உணர்வார். ஆகவே பயன்பாட்டு சதவீதம் நன்றாக இருப்பதை வைத்து ஒத்திசைவு இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இதே எண்கள் சோதனை எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடும். 333 பாக்கெட் பஃபரில் ஓர் ஓட்டத்தின் விண்டோ 166இலிருந்து 83ஆக இறங்கி, சுற்றுக்கு ஒன்று வீதம் மறுபடி ஏற 83 சுற்றுகள் ஆகும். சுற்று ஒன்றுக்குச் சராசரி 60 மில்லிவிநாடி. ஆக, நான்கும் சேர்ந்து இறங்கினால், ஒரு நெரிசல் நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 5 விநாடி. ஒரு நிமிடச் சோதனையில் பன்னிரண்டு நிகழ்வுகளே கிடைக்கும். அதை வைத்து எதுவும் பேச முடியாது. பத்து நிமிடம் ஓட்டினால் 120 கிடைக்கும். வேகத்தை 1 ஜிகாபிட்டாக்கி மற்றவற்றையும் அதற்கேற்பப் பெருக்கினால் இடைவெளி 50 விநாடியாகும். ரீனோவில் 120 நிகழ்வு பார்க்க ஒரு மணி 40 நிமிடம் ஓட்ட வேண்டும்.

அனுப்பும் கணினி, குறுகல் ரவுட்டர், பெறும் கணினி ஆகியவற்றோடு தாமதம் சேர்க்கத் தனியாக ஒரு லினக்ஸ் கணினியும் இருந்தால் நல்லது. நெட்எம் கொண்டு தாமதம் சேர்க்கும்போது அதன் வரிசைக்கு இயல்பு எல்லை 1000 பாக்கெட் என்பதை மறக்க வேண்டாம். 1 ஜிகாபிட்டில் 100 மில்லிவிநாடி தாமதம் என்றால் உள்ளே 8,333 பாக்கெட் மிதக்க வேண்டும். எல்லையை உயர்த்தாவிட்டால் இழப்புகள் குறுகலில் நேராமல் நெட்எம்மிலேயே நேரும். நீங்கள் அளப்பது வேறொரு வரிசையை.

அடுத்து, நெட்வொர்க் அட்டையின் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ வசதிகளை எத்டூல் கொண்டு எல்லாக் கணினிகளிலும் அணைத்துவிடுங்கள். அவை ஓர் ஓட்டத்தின் பல பாக்கெட்டுகளை 64 கிலோபைட் வரையுள்ள ஒரே பெருந்துண்டாகக் கட்டிவிடும். அந்தத் துண்டு கைவிடப்பட்டால் ஒரே ஓட்டத்தின் நாற்பதுக்கு மேற்பட்ட பாக்கெட்டுகள் ஒரேயடியாகப் போகும். மற்ற ஓட்டங்கள் தப்பிக்கும். ஒத்திசைவு குறைவாக இருப்பது போல் தோன்றும், அது பொய்த் தோற்றம். உண்மையான சர்வர்களில் இவை இயங்கியபடியேதான் இருக்கும் என்ற எதிர்வாதம் நியாயமானது. முதலில் அணைத்து அளந்து, பிறகு இயக்கி அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லினக்ஸ் முந்தைய இணைப்பின் அளவுகளை நினைவில் வைத்து அடுத்த இணைப்புக்குக் கொடுக்கும் பழக்கமுடையது. அந்தச் சேமிப்பையும் நிறுத்திவிட வேண்டும். ஐபெர்ஃப்3இல் ஒரே கட்டளையில் பல இணை ஓட்டங்களைத் தொடங்கினால் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பும். அது செயற்கையான ஒத்திசைவை ஊட்டும். ஓட்டத்துக்கொரு தனிச் செயல்முறையாக, சில விநாடி தற்போக்கு இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். எல்லா ஓட்டங்களுக்கும் அச்சாக ஒரே ஆர்டிடி கொடுப்பதும் இதே போன்றதுதான். ஒரு தொடர் சோதனையில் ஆர்டிடி சமமாகவும், இன்னொன்றில் 20 முதல் 200 மில்லிவிநாடி வரை விரவியும் இருக்கட்டும். உருவகப்படுத்தியில் செய்பவர்களுக்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை: அங்கே கடிகாரம் துல்லியமானது என்பதால் பாக்கெட்டுகள் வந்துசேரும் கட்டம் பூட்டிக்கொண்டு, ஒரே ஓட்டம் திரும்பத் திரும்ப அடிவாங்கும் விசித்திரம் நேரும். ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1990களின் தொடக்கத்திலேயே இதை விவரித்து, அனுப்புநரின் செயலாக்க நேரத்தில், குறுகல் இணைப்பு ஒரு பாக்கெட்டை அனுப்ப எடுக்கும் நேர அளவுக்குத் தற்போக்கைக் கலந்தால் பூட்டு உடையும் என்று காட்டியிருக்கிறார்கள். நம் இணைப்பில் அந்த நேரம் 120 மைக்ரோவிநாடி.

இழப்பை எங்கே நின்று பார்ப்பது

வரிசையின் புள்ளிவிவரத்தைக் கேட்டால் லினக்ஸ் மொத்தம் எத்தனை பாக்கெட் கைவிடப்பட்டது என்று சொல்லும்; யாருடையது, எப்போது என்று சொல்லாது. நமக்கு வேண்டியது ஒவ்வோர் இழப்புக்கும் நேரமும் ஓட்டத்தின் அடையாளமும்.

நல்ல வழி, குறுகல் ரவுட்டரிலேயே நிற்பது. கர்னல் ஒரு பாக்கெட்டைக் கைவிடும் இடத்தில் ஒரு ட்ரேஸ்பாயிண்ட் உண்டு. சிறிய பிபிஎஃப் நிரல் ஒன்றை அதில் மாட்டி, நேரம், மூல போர்ட், சேருமிட போர்ட், சீக்வென்ஸ் எண் ஆகியவற்றை எழுதிவைத்தால் போதும். பிபிஎஃப் கைவராதவர்கள் ரவுட்டரின் உள்வாசலிலும் வெளிவாசலிலும் டிசிபிடம்ப் ஓட்டி, உள்ளே வந்து வெளியே போகாதவற்றைக் கழித்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டு பதிவும் ஒரே கணினியின் கடிகாரத்தில் இருப்பதால் நேரப் பொருத்தம் பற்றிய கவலை இல்லை. பொருத்தும்போது சீக்வென்ஸ் எண் மட்டும் போதாது. மறுபடி அனுப்பிய பாக்கெட்டுக்கும் அதே எண்தான். ஐபி அடையாள எண்ணையோ டிசிபி நேரமுத்திரையையோ சேர்த்துப் பொருத்துங்கள். 100 மெகாபிட்டில் விநாடிக்கு 8,333 பாக்கெட், பத்து நிமிடத்துக்கு 50 லட்சம். தலைப்புப் பகுதியை மட்டும் நூறு பைட் அளவுக்கு வெட்டி எழுதினாலும் பக்கத்துக்கு அரை ஜிகாபைட் ஆகும். டிசிபிடம்ப் முடியும்போது காட்டும் கடைசி வரியைக் கட்டாயம் படியுங்கள். கர்னல் கைவிட்டதாக அதில் ஓர் எண் வந்தால் அந்தப் பதிவே ஓட்டை விழுந்தது. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வெளிவாசல் பதிவில் விழுந்த ஓட்டை, இல்லாத இழப்பை இருப்பதாகக் காட்டும்.

அனுப்புநர் பக்கம் நின்று மறுஅனுப்பல்களை எண்ணுவது சுலபம், அதனால்தான் பலர் அதைச் செய்கிறார்கள். நம்பகம் குறைவு. பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்தாலோ, காலக்கெடு தவறாகத் தீர்ந்தாலோ இழக்காத பாக்கெட்டும் மறுபடி அனுப்பப்படும். வேறு வழியில்லாமல் இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்றால், மறுஅனுப்பல் நடந்த நேரத்தை எடுக்காமல், இழந்த பாக்கெட் முதன்முதலில் கிளம்பிய நேரத்தை எடுங்கள். 20 மில்லிவிநாடி ஓட்டமும் 200 மில்லிவிநாடி ஓட்டமும் ஒரே கணத்தில் இழந்தாலும், அதை அறிந்து மறுபடி அனுப்பும் நேரங்கள் வெகுவாக விலகியிருக்கும். அனுப்புநர்கள் பல கணினிகள் என்றால் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். என்டிபி தரும் மில்லிவிநாடி அளவு பொருத்தம் நம் 40 மில்லிவிநாடிப் பாதைக்குப் போதும், தரவு மையத்துக்குள் ஆர்டிடியே நூற்றுக்கணக்கான மைக்ரோவிநாடி என்னும்போது பிடிபி இல்லாமல் முடியாது.

நெரிசல் நிகழ்வுக்கு எல்லை போடுதல்

தனித்தனி இழப்புகளின் பட்டியல் கையில் இருக்கிறது. அவற்றை நிகழ்வுகளாகக் கட்ட வேண்டும். எவ்வளவு நெருக்கமாக விழுந்தவை ஒரே நிகழ்வு? ஓர் ஆர்டிடி என்பது இயல்பான அளவு. இழப்பின் செய்தி அனுப்புநரை எட்டி, அவர் வேகம் குறைத்ததன் விளைவு வரிசைக்கு வந்துசேர ஒரு சுற்று ஆகும். அதுவரை எல்லோரும் பழைய வேகத்திலேயே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். லினக்ஸில் உள்ள ரீனோவும் ஒரே விண்டோவுக்குள் நேரும் பல இழப்புகளை ஒன்றாகக் கருதி ஒரு முறைதான் பாதியாக்குகிறது. ஆனால் வெறும் பாதையின் 40 மில்லிவிநாடியை எடுக்கக்கூடாது. இழப்பு நேரும்போது பஃபர் நிரம்பியிருக்கிறது. 333 பாக்கெட் பஃபர் என்றால் இன்னொரு 40 சேர்ந்து ஆர்டிடி 80.

ஆக, முந்தைய இழப்பிலிருந்து 80 மில்லிவிநாடிக்குள் விழுந்தது அதே நிகழ்வைச் சேரும், தாண்டினால் புதிய நிகழ்வு. ஆர்டிடி விரவியிருந்தால் அவற்றின் பெரிய மதிப்புகளை ஒட்டி எடுப்பது என் வழக்கம்.

இந்த எல்லை நியாயமானதா என்று தரவையே கேட்கலாம். அடுத்தடுத்த இழப்புகளுக்கு இடையேயான இடைவெளிகளை மடக்கை அளவில் வரைந்து பாருங்கள். ஒரு நிகழ்வுக்குள் இருக்கும் சிறிய இடைவெளிகள் ஒரு மேடாகவும், நிகழ்வுகளுக்கு இடையிலான பெரிய இடைவெளிகள் இன்னொரு மேடாகவும் தெரிந்து, நடுவில் பள்ளம் இருந்தால் நீங்கள் போட்ட எல்லை அந்தப் பள்ளத்தில் விழ வேண்டும். நம் அமைப்பில் ஒரு பக்கம் சில பத்து மில்லிவிநாடி, மறுபக்கம் 5 விநாடி, பள்ளம் அகலமானது. எல்லையைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் கணக்கிட்டு முடிவு அசையவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். பள்ளமே தெரியவில்லை என்றால், உங்கள் தரவில் நிகழ்வு என்று தனியாகப் பிரிக்கக்கூடியது எதுவும் இல்லை. ஓட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போதும், வரிசையில் ரெட் போன்ற மேலாண்மை இயங்கும்போதும் இப்படி ஆகும். அங்கே இந்த முறையை வலிந்து பொருத்தாதீர்கள். காலத்தை ஓர் ஆர்டிடி அகலக் கட்டங்களாக வெட்டி, ஓட்டங்களின் இழப்பு எண்ணிக்கைகளுக்கிடையே ஒட்டுறவைப் பார்ப்பதே பொருத்தம்.

தொடக்க மெதுவேற்றத்தில் விண்டோ சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாவதால் பெருங்கொத்தாக இழப்புகள் நேரும். முதல் சில நிகழ்வுகளைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடுங்கள்.

எண்ணிக்கையும் தற்செயலும்

இனி ஓர் அட்டவணை. வரிசைக்கொரு நிகழ்வு, பத்திக்கொரு ஓட்டம். அந்த நிகழ்வில் அந்த ஓட்டம் ஒரு பாக்கெட்டாவது இழந்திருந்தால் 1, இல்லையேல் 0. பக்கத்தில் அந்த நிகழ்வின் மொத்த இழப்பு எண்ணிக்கைக்கு ஒரு பத்தி. கிடைமட்டச் சராசரி, அந்த நிகழ்வில் எத்தனை பங்கு ஓட்டங்கள் அடிபட்டன என்பது. செங்குத்துச் சராசரி, ஓர் ஓட்டம் மொத்த நிகழ்வுகளில் எத்தனை பங்கில் அடிபட்டது என்பது. ஆய்வுக் கட்டுரைகளில் ஒத்திசைவு வீதம் என்று வருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்; எது என்று பார்த்துக்கொண்டு ஒப்பிடுங்கள். செங்குத்துச் சராசரிகள் ஓட்டத்துக்கு ஓட்டம் வெகுவாக மாறினால், அது பங்கீட்டு நியாயம் பற்றிய செய்தி.

ஒரு நிகழ்வைக் கிட்டத்தில் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த பதிவு இது. சோதனை தொடங்கியதிலிருந்து விநாடிகள்:

142.3108 — ஓட்டம் 2
142.3145 — ஓட்டம் 4
142.3301 — ஓட்டம் 1
142.3302 — ஓட்டம் 1
142.3467 — ஓட்டம் 2
147.2214 — ஓட்டம் 3

முதல் ஐந்தும் 36 மில்லிவிநாடிக்குள் அடங்குகின்றன. அவை ஒரு நிகழ்வு. ஆறாவது ஐந்து விநாடி கழித்து வருவதால் அடுத்த நிகழ்வு. முதல் நிகழ்வில் நான்கு ஓட்டங்களில் மூன்று அடிபட்டிருக்கின்றன: 75 சதவீதம். பார்த்தவுடன் வலுவான ஒத்திசைவு என்று எழுதத் தோன்றும்.

எழுதுவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு குடங்களை வைத்து ஐந்து கூழாங்கற்களைக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால், சராசரியாக எத்தனை குடங்களில் கல் விழுந்திருக்கும்? ஒரு கல் குறிப்பிட்ட குடத்தைத் தவறவிடும் வாய்ப்பு 0.75. ஐந்தும் தவறவிடும் வாய்ப்பு, 0.75ஐ ஐந்து முறை பெருக்க, 0.237. எனவே ஒரு குடம் கல் பெறும் வாய்ப்பு 76 சதவீதம். நாம் அளந்தது 75. அதாவது, எந்தப் பாக்கெட் கைவிடப்படும் என்பது முழுக்க முழுக்கத் தற்போக்காக இருந்தாலும் இதே எண்தான் வந்திருக்கும். இந்த நிகழ்வில் ஒத்திசைவுக்கு எந்தச் சான்றும் இல்லை.

பத்து ஓட்டங்கள், பத்து இழப்புகள் என்றால் தற்செயலே 65 சதவீதத்தைக் கொடுத்துவிடும். இழப்பு 20 ஆனால் 88. இழப்பு 5 ஆனால் 41. நிகழ்வுக்கு எத்தனை பாக்கெட் போயிற்று என்று சொல்லாமல் ஒத்திசைவு வீதத்தை மட்டும் சொல்வது பொருளற்றது என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான். பஃபரின் அளவை மாற்றினால், டிசிபி வகையை மாற்றினால், நிகழ்வுக்கான இழப்பு எண்ணிக்கையும் மாறும். கூடவே வெற்று வீதமும் ஏறும் இறங்கும். ஒத்திசைவு கொஞ்சமும் மாறாமலேயே வரைபடம் அழகாக ஏறிக்காட்டும்.

ஓட்டங்கள் சமமாக இல்லாதபோது கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். பெரிய ஓட்டத்தின் பாக்கெட்டுகள் அதிகம், எனவே அடிபடும் வாய்ப்பும் அதிகம். பத்து ஓட்டங்களில் ஒன்று பாதி இணைப்பைப் பிடித்துக்கொண்டு, மீதிப் பாதியை ஒன்பதும் பகிர்ந்தால், பத்து இழப்புகளில் பெரியது தப்புவது அநேகமாக இல்லை. சிறியவை அடிபடும் வாய்ப்பு 44 சதவீதம்தான். சராசரி எதிர்பார்ப்பு 65இலிருந்து 49ஆக இறங்குகிறது. பங்கை முழுச் சோதனையின் சராசரி வேகத்திலிருந்து எடுக்காமல், அந்த நிகழ்வு நீடித்த நேரத்தில் வரிசைக்கு வந்த பாக்கெட்டுகளிலிருந்தே எடுங்கள். உள்வாசல் பதிவு இருந்தால் அது கையிலேயே இருக்கும்.

இரண்டு எண்களையும் ஒன்றாக்க நான் பரிந்துரைக்கும் குறியீடு எளிமையானது: அளந்த பங்கிலிருந்து எதிர்பார்த்த பங்கைக் கழித்து, அதை ஒன்றிலிருந்து எதிர்பார்த்த பங்கைக் கழித்து வருவதால் வகுக்கவும். பத்து ஓட்டம், பத்து இழப்பு, ஒன்பது அடிபட்டன என்றால் 0.25ஐ 0.35ஆல் வகுக்க 0.71 வரும். சுழி வந்தால் தற்செயல். 1 வந்தால் யாரும் தப்பவில்லை. அதே பத்து இழப்பு நான்கு ஓட்டங்களின் தலையில் மட்டும் விழுந்தால் −0.71. எதிர்க்குறி வந்தால் திகைக்க வேண்டாம்: சில ஓட்டங்கள் பாக்கெட்டுகளைக் கொத்தாக அனுப்பி, இழப்பையும் கொத்தாக வாங்கிக்கொள்கின்றன என்று அர்த்தம். அணைக்க மறந்த ஜிஎஸ்ஓவைக் கண்டுபிடிக்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. இழப்பு எண்ணிக்கை மிகப் பெரிதாகி எதிர்பார்ப்பே 95 சதவீதத்தைத் தாண்டும் நிகழ்வுகளில் வகுக்கும் எண் மிகச் சிறிதாகிக் குறியீடு துள்ளும். அவற்றைத் தனியே வைத்து விவரியுங்கள். மீதி நிகழ்வுகளைத் தற்போக்காகத் திரும்பத் திரும்ப மாதிரியெடுத்துச் சராசரியின் வீச்சையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை செய்தது, நிகழ்வு நேர்ந்தபின் இழப்பு எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கான பதில். ஓட்டங்களின் இழப்புகள் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு சோதனை. ஒவ்வோர் ஓட்டத்தின் இழப்பு நேரங்களையும் தற்போக்கான ஓர் அளவு நகர்த்துங்கள். கடைசியில் வழிந்தவற்றைத் தொடக்கத்தில் சேருங்கள். இரண்டு ஓட்டங்கள் ஓர் ஆர்டிடிக்குள் சேர்ந்து இழந்த தடவைகளை எண்ணுங்கள். இதை ஆயிரம் முறை செய்து, நகர்த்தாத உண்மை எண்ணிக்கை அந்த ஆயிரத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரே வரிசையைப் பகிரும் ஓட்டங்களில் அது உச்சத்தில் நிற்பது சாதாரணம். குறுகல் ஒன்றா பலவா என்று தெரியாத இடத்தில்தான் இந்தச் சோதனை பயன்படும். ரவுட்டருக்குள் நுழைய முடியாத திறந்த இணையப் பாதைகளில் இரண்டு ஓட்டங்களுக்குக் குறுகல் பொதுவா என்று கண்டறிய ரூபன்ஸ்டைன், குரோஸ், டௌஸ்லி மூவரும் 2000இல் முன்வைத்த முறையும் ஓட்டங்களுக்கிடையேயான ஒட்டுறவை, ஓர் ஓட்டம் தனக்குள்ளேயே காட்டும் ஒட்டுறவோடு ஒப்பிட்டது. இழப்பு அரிதாக இருக்கும் பாதைகளில் தாமத மாறுபாடே நல்ல சாட்சி. 2018இல் வெளியான ஆர்எஃப்சி 8382 அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது.

இழப்பே தெரியாத இடங்கள்

இசிஎன் இயங்கும் வலையமைப்பில் வரிசை பாக்கெட்டைக் கைவிடுவதற்குப் பதிலாக நெரிசல் முத்திரை குத்தி அனுப்பும். இழப்புப் பதிவு வெறுமையாக இருக்கும். ஓட்டங்கள் மட்டும் சேர்ந்தே இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே முத்திரை விழுந்த பாக்கெட்டுகளை இழப்பாகக் கருதி மேலே சொன்ன எல்லாவற்றையும் அப்படியே செய்யலாம்.

லினக்ஸில் 2006 முதல் இயல்பு முறையாக உள்ள கியூபிக், இழப்பு கண்டால் விண்டோவைப் பாதியாக்காமல் 70 சதவீதத்துக்குக் குறைக்கிறது. எனவே முழு ஒத்திசைவு இருந்தாலும் பள்ளம் ரீனோ அளவுக்கு ஆழமாக இராது. குறியீட்டை இரண்டிலும் ஒரே மாதிரி கணக்கிட்டு, விளைவைத் தனியே அளக்க வேண்டும். கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆரின் முதல் பதிப்பு தனித்த இழப்புகளைக் கண்டு வேகத்தைக் குறைப்பதில்லை. அதில் இழப்பை எண்ணுவது பெரும்பாலும் வீண். பத்து விநாடிக்கொருமுறை குறைந்தது 200 மில்லிவிநாடி நேரம் பாதையில் நான்கு பாக்கெட் மட்டும் வைத்துத் தாமதத்தைச் சோதிக்கும் கட்டம் அதில் உண்டு. ஒத்திசைவு அங்கேதான் வெளிப்படும், பாதையைப் பகிரும் ஓட்டங்கள் அந்தக் கட்டத்துக்குள் சேர்ந்தே நுழைய முனைவதால். அனுப்புநரின் விண்டோவை எஸ்எஸ் கருவியால் அடிக்கடி எடுத்து, நான்காகக் குறைந்த நேரங்களை நிகழ்வாக வையுங்கள்.

வரிசை மேலாண்மையை மாற்றிப் பார்ப்பவர்கள் ஒப்பீட்டுக்கு எஃப்க்யூ-கோடலைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 2018இல் ஆர்எஃப்சி 8290ஆக வந்த இந்த முறை ஓட்டங்களைத் தனித்தனி வரிசைகளுக்குப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காத்திருப்பு 5 மில்லிவிநாடியைத் தாண்டி 100 மில்லிவிநாடி நீடித்தால் கைவிடத் தொடங்குகிறது. பஃபரின் மொத்த எல்லையைத் தொடாதவரை ஒருவரின் நெரிசல் இன்னொருவரின் பாக்கெட்டை நேரடியாகத் தள்ளுவதில்லை. இங்கே முன்பு பார்த்த இடைவெளிப் பள்ளம் பெரும்பாலும் தெரியாது. கட்டம் வெட்டி ஒட்டுறவு பார்க்கும் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் எழுத வேண்டியவை

இணைப்பின் வேகம், பஃபர் அளவு பாக்கெட்டிலும் மில்லிவிநாடியிலும், ஒவ்வோர் ஓட்டத்தின் ஆர்டிடி, டிசிபி வகை, டிஎஸ்ஓ முதலியவற்றின் நிலை, சோதனை நேரம், தள்ளிவிட்ட தொடக்கப் பகுதி ஆகியவை முதலில். பிறகு நிகழ்வு எல்லையும் அதைத் தேர்ந்த காரணமும், இடைவெளி வரைபடத்தோடு. நிகழ்வுகளின் எண்ணிக்கை, நிகழ்வுக்கு இழப்புகளின் பரவல், வெற்று வீதம், தற்செயல் எதிர்பார்ப்பு, குறியீடு, அதன் வீச்சு. வெற்று வீதத்தை விட்டுவிட வேண்டாம். பழைய அளவீடுகளோடு ஒப்பிட அது வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 1, 0 அட்டவணையையும் நேரமிட்ட இழப்புப் பட்டியலையும் அப்படியே கோப்பாகச் சேர்த்துக் கொடுங்கள். பத்து நிமிடச் சோதனைக்கு அட்டவணையில் 120 வரிகள். மின்னஞ்சலில் அனுப்பும் அளவுதான். உங்கள் எல்லையை ஏற்காதவர் தன் எல்லையைப் போட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி கணக்கிட்டுப் பார்த்துக்கொள்வார்.